வெட்சூட் இல்லாத காலத்தில் பட்டம் கட்டிக் கடலைக் கடந்தவர்: யார் இந்த சாமுவேல் கோடி?

1903 நவம்பர் 6. பிரான்ஸின் கலே துறைமுகம், இரவு நேரம். ஒரு சிறிய படகில் தனி ஆளாக ஏறுகிறார் சாமுவேல் ஃபிராங்க்ளின் கோடி. படகில் என்ஜின் கிடையாது, பாய்மரமும் கிடையாது. அதை இழுக்கப்போவது வானத்தில் பறக்கும் ஒரு பட்டம். போக வேண்டிய இடம் இங்கிலாந்தின் டோவர். தூரம் சுமார் 40 கிலோமீட்டர்.

போய்ச் சேர ஏறத்தாழ 13 மணி நேரம் ஆனது. கணக்குப் போட்டால் மணிக்கு 3 கிலோமீட்டர். அதாவது நாம் நடக்கிற வேகம்கூட இல்லை.

இன்று கைட் சர்ஃபிங் கற்றுக்கொள்பவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதைத்தான். பட்டம் இழுக்கிறது, மனிதர் நீரின் மேல் போகிறார். படகுக்குப் பதில் காலடியில் ஒரு பலகை, அவ்வளவுதான். ஆனால் ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கற்றுக்கொள்ள இறங்குபவருக்குப் பட்டத்தை அடக்குவதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. குளிர்!

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். நவம்பரில் இங்கிலீஷ் கால்வாயின் நீர் சுமார் 13, 14 டிகிரி செல்சியஸ். ராமேஸ்வரத்தில் கைட் சர்ஃபிங் பழகுபவருக்கு இந்தக் கவலையே இல்லை. அங்கே கற்றுக்கொள்பவர் நிலை வேறு. நன்றாக ஓட்டத் தெரிந்தவர் பலகை மேல் நின்று போய்க்கொண்டே இருப்பார், உடம்பும் சூடாகும். புதியவரோ பாதி நேரம் தண்ணீரில்தான் கிடப்பார். விழுந்த பட்டத்தைத் தூக்கணும், நழுவிய பலகையைத் தேடணும், காற்று வரும்வரை காத்திருக்கணும். முதலில் மரத்துப்போவது விரல்கள். பட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பி இருப்பதோ அந்த விரல்களில்தான்.

இன்று இதற்கு நியோப்ரீன் வெட்சூட் இருக்கிறது. கையுறை, காலணி, தலையை மூடும் தொப்பி எல்லாம் அதே ரப்பரில் கிடைக்கின்றன. உடலோடு ஒட்டும் நீர்தான் சூடு தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ரப்பருக்குள் சிறைப்பட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள்தான் சூடு வெளியே போகாமல் தடுக்கின்றன. இதைப் புரிந்துகொண்டு வெட்சூட்டை வடிவமைத்தவர் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். அது 1950-களின் தொடக்கம். நியோப்ரீனே 1930-இல்தான் உருவானது. கோடி படகேறிய இரவில் இவை எதுவும் உலகத்தில் இல்லை. நனைந்தால் நனைந்ததுதான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த மாதிரிப் பட்டம் பெரும்பாலும் காற்று போகும் பக்கமே இழுக்கும். கலேயிலிருந்து டோவர் வடமேற்கே இருக்கிறது. எனவே தென்கிழக்குக் காற்று வேண்டும். அந்தக் கடலில் அதிகம் வீசுவதோ தென்மேற்குக் காற்று. ஆக, காற்று வாய்க்கும்போது கிளம்பியாக வேண்டும். இரவா பகலா, குளிரா வெயிலா என்று பார்க்க முடியாது. நடுக்கடலில் காற்று குறைந்தால் பட்டம் நீரில் விழும், படகு நிற்கும். இழுவை இல்லாத அந்த நேரம்தான் குளிருக்குக் கொண்டாட்டம். 13 மணி நேரப் பயணம் என்பதை இப்படிப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

எதற்கு இந்த வம்பு? விளம்பரத்துக்குத்தான், ஆனால் அதில் ஒரு கணக்கும் இருந்தது.

கோடி 1867-இல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தில் பிறந்தவர். நிஜப் பெயர் கவுடெரி. குதிரைச் சாகசக் காட்சிகளில் சேர்ந்தவர், அப்போது உலகப் புகழ் பெற்றிருந்த 'பஃபலோ பில்' கோடியின் பெயரைத் தனக்கும் சூட்டிக்கொண்டார். நீளமுடி, முறுக்கு மீசை, அகலத் தொப்பி. பிறந்த ஊரைக்கூட டெக்ஸஸ் என்று மாற்றிச் சொல்லிவந்த மனுஷன். 1890-இல் இங்கிலாந்து வந்து, மேடை நாடகத்தில் சம்பாதித்து, சம்பாதித்ததைப் பட்டத்தில் கொட்டினார். பெயரில்தான் கோடி!

ஆஸ்திரேலியாவின் லாரன்ஸ் ஹார்கிரேவ் உருவாக்கிய பெட்டிப் பட்டத்துக்கு இறக்கைகள் சேர்த்து, 1901-இல் காப்புரிமை பெற்றார். எஃகுக் கயிற்றில் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்டங்களை ஏற்றி, கடைசியில் ஓர் ஆளையே கூடையில் தூக்கும் ஏற்பாடு அது. எதிரி எங்கே இருக்கிறான் என்று மேலிருந்து பார்க்கலாம். பலத்த காற்றில் ராணுவ பலூன்கள் தவிக்கும், இவர் பட்டமோ அப்போதுதான் நன்றாக ஏறும். கடற்படை சோதித்துப் பார்த்தது. ஆனால் அவர் கேட்ட பெரிய தொகைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1903 நவம்பரில்தான் கால்வாய்ப் பயணம்.

பலன் கிடைத்தது. ராணுவம் அவரை அழைத்தது, 1906-இல் தலைமைப் பட்டப் பயிற்றுநர் ஆனார். அங்கிருந்து விமானம். 1908 அக்டோபர் 16 அன்று ஃபார்ன்பரோவில் 27 விநாடிகள், சுமார் 424 மீட்டர் பறந்தார். பிரிட்டன் மண்ணில் என்ஜின் விமானம் நிலையாகப் பறந்தது அதுவே முதல்முறை. இறங்கும்போது விமானம் நொறுங்கியது. அடுத்த ஆண்டே ராணுவம் அவரைக் கழற்றிவிட்டது, அவரோ பறப்பதை விடவில்லை. 1912-இல் அதே ராணுவம் நடத்திய விமானப் போட்டியில் பரிசை வென்றது இவர் விமானம்தான். இந்த இடம் படிக்கும்போது சிரிப்பு வரத்தான் செய்யும்.

1913-இல் பிரிட்டனைச் சுற்றிவரும் கடல் விமானப் போட்டிக்காக, நீரில் இறங்கி எழும் விமானம் ஒன்றைக் கட்டினார். ஆகஸ்ட் 7 அன்று சோதனைப் பறத்தலில் அது வானிலேயே உடைந்தது. கோடியும், உடன் சென்ற கிரிக்கெட் வீரர் டபிள்யூ.எச்.பி. எவன்ஸும் உயிரிழந்தனர். ஆல்டர்ஷாட் ராணுவக் கல்லறையில், சிவிலியனான கோடியை முழு ராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். வழியெங்கும் திரண்ட கூட்டம் ஒரு லட்சம் இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது.