கொல்லருக்காகப் பேசிய கதாசிரியர்

சார்லஸ் டிக்கன்ஸ் என்றதும் நமக்கு 'ஆலிவர் ட்விஸ்ட்'தான் ஞாபகம் வரும். அவர் கண்டுபிடிப்பாளர்களுக்காகவும் பேசினார். அதைத்தான் நான் சொல்லப் போகிறேன்.

டிக்கன்ஸ் 1812 பிப்ரவரி 7-ல் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் நகரில் பிறந்தார். 1824-ல் அவருடைய அப்பா கடனைக் கட்ட முடியாமல் சிறைக்குப் போனார். பையனுக்கு அப்போ வயசு 12. ஷூ பாலிஷ் கம்பெனியில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினான்.

பெரிய எழுத்தாளர் ஆன பிறகும் அவருக்கு ஒரு மனக்குறை. அமெரிக்காவில் அவருடைய நாவல்களைக் காசே கொடுக்காமல் அச்சடித்து விற்றார்கள். 1842-ல் அங்கே போனபோது மேடையிலேயே நியாயம் கேட்டார். பத்திரிகைகள் அவரைத்தான் திட்டின! உழைப்பு ஒருத்தருக்கு, லாபம் இன்னொருத்தருக்கு என்றால் எப்படி வலிக்கும் என்று அவருக்கு நல்லாவே தெரியும்.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், அவரைக் கேட்காமல் பிறர் அதைச் செய்து விற்கக் கூடாது என்று அரசு சில வருடங்களுக்குத் தரும் உரிமைதான் பேட்டன்ட். அந்தக் கால இங்கிலாந்தில் அதை வாங்க ஆபீஸ் ஆபீஸாக அலையணும். ஒவ்வொரு இடத்திலும் கட்டணம்!

1850-ல் டிக்கன்ஸ் தன் வாரப் பத்திரிகையில் இதை ஒரு சிறுகதையாக எழுதினார. ஜான் என்ற கொல்லர் 20 வருஷம் பாடுபட்டு ஒரு கருவியைக் கண்டுபிடிக்கிறார். அதற்கு பேட்டன்ட் வாங்க 35 கட்டங்களைத் தாண்டுகிறார். செலவு 96 பவுண்டுக்கு மேல்! அதுவும் இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்குத் தனித்தனியாக வாங்கணும். ஒரு ஏழைத் தொழிலாளி எங்கே போவார், சொல்லுங்க?

இதே குறையைப் பலரும் சொல்லி வந்தார்கள். 1851 லண்டன் கண்காட்சிக்குப் பிறகு குரல் இன்னும் வலுத்தது. 1852-ல் சட்டம் மாறியது. ஒரே அலுவலகம், மூன்று பகுதிக்கும் ஒரே பேட்டன்ட், ஆரம்பக் கட்டணம் 25 பவுண்டு. ஆனால் அதைத் தக்கவைக்க மூன்றாம் வருஷம் 50, ஏழாம் வருஷம் 100 பவுண்டு கட்டணும். டிக்கன்ஸும் விடவில்லை. பிறகு எழுதிய 'லிட்டில் டாரிட்' நாவலிலும், அரசு அலுவலகம் அலைக்கழிக்கும் ஒரு கண்டுபிடிப்பாளரைக் காட்டினார்.

1870 ஜூன் 9-ல் அவர் காலமானார். ஆரம்பக் கட்டணம் 4 பவுண்டாகக் குறைந்தது 1883-ல்தான். அதை அவர் பார்க்கவில்லை.

உரிமை சட்டத்தில் இருந்தால் மட்டும் போதுமா? ஜான் மாதிரி ஆளுக்கும் எட்டணும். அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செய்யும் நண்பர்களே, நீங்க என்ன நினைக்கிறீங்க?