சக்கர நாற்காலி மருத்துவர்

திருப்பதியிலிருந்து பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி செல்லும் புகைவண்டியில் பயணம் செய்த நண்பர்கள் அவர்களைப் பார்த்திருப்பார்கள். மருத்துவச் சீட்டுகள் அடங்கிய பையை மடியில் அணைத்தபடி வேலூருக்குப் போகும் நோயாளிகள். விரல் கணுக்கள் வீங்கிக் கோணிப்போன மூதாட்டிகளும் அவர்களில் உண்டு. இது எப்போது தீரும் என்று மருத்துவரைக் கேட்கவே போகிறார்கள். முடக்குவாதம் மருந்துக்கு அடங்கும். முற்றிலும் நீங்குவது அரிது. அதனோடு வாழப் பழகவேண்டும் என்று பிறருக்குச் சொல்வது எளிது அன்றோ? தாம் அப்படி வாழ்ந்துகொண்டே அதைச் சொன்ன ஒரு மருத்துவர் வேலூரில் இருந்தார்.

மேரி வர்கீஸ் அம்மையார் 1925இல் கொச்சியில் பிறந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, மகளிர் மருத்துவத்தில் ஈடுபட்டிருந்தார். நம் திருவேங்கடவன் பல்கலைக்கழகம் தோன்றிய அதே 1954ஆம் ஆண்டு, சனவரித் திங்களில், தோழர்களோடு உலாச் சென்ற வண்டி விபத்துக்குள்ளாயிற்று. முகத்தில் நீண்ட வெட்டு, தண்டுவடத்தில் சிதைவு. கால்கள் உணர்வும் அசைவும் இழந்தன. அப்போது வயது 28.

அவரைத் தியாகச் சுடர் என்று பாடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் அழுதார், மீண்டும் நடந்துவிடுவோம் என்று நம்பினார், அந்த நம்பிக்கையை விடுவதற்கு நெடுநாள் பிடித்தது. மருத்துவம் படித்தவருக்கே இப்படியென்றால், படியாத மூதாட்டியை நாம் எப்படிக் கடிந்துகொள்வது?

மாறுதலுக்கு வழிகாட்டியவர் பால் பிராண்டு. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவையால் நிமிர்த்தியவர். அவர் ஆறுதல் மொழியோடு நிற்கவில்லை; இனி என்ன வேலை செய்யப்போகிறாய் என்று கேட்டார். அது கேலியோ என்றுகூட அம்மையாருக்குத் தோன்றிற்று. ஆனால் கையில் செய்யும் அறுவைக்கு நிற்கவேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம். சக்கர நாற்காலி அறுவைக்கூடத்துக்குள் சென்றது.

அங்கே எவரும் திட்டமிடாத ஒன்று நிகழ்ந்தது. தொழுநோயாளிகள் ஊராலும் உறவாலும் ஒதுக்கப்பட்டவர்கள். சொல்லும் ஆறுதலை எளிதில் நம்பமாட்டார்கள். அவர்கள்முன் ஒரு மருத்துவர் தம் நாற்காலியைத் தாமே உருட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் தழும்பு. கால்கள் அவர்களுடையவற்றைவிட மோசம். இவரே வேலை செய்கிறாரென்றால் என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் பிறந்தது. கத்தி தொடுமுன்பே சிகிச்சை தொடங்கிவிட்டது எனலாம்.

பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், தம் உடலைத் தாமே பேணும் பயிற்சி பெற்றார். அடுத்து நியூயார்க், அங்கு ஹோவர்டு ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். திரும்பிவந்து வேலூரில் அத்துறைக்குத் தலைவரானார். 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிலும் மறுவாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. 1972இல் பத்மசிறீ. 1986இல் மறைந்தார்.

இம்மருத்துவம் கேட்கும் கேள்வி வேறு. எப்போது தீரும் என்பதன்று. இந்தக் கையோடு நாளைக் காலை என்ன செய்யலாம் என்பது. மூட்டுவாதக்காரருக்குப் பிடி தடித்த கரண்டி, மணிக்கட்டைத் தாங்கும் பட்டை, வலி மிகுந்த நாளில் எதை விட்டு எதைச் செய்வது என்ற கணக்கு. சிறியவைதாம். ஆனால் தன் கையால் தானே உண்பவருக்கும் பிறர் ஊட்ட உண்பவருக்கும் மனநிலை ஒன்றாக இராது. வீட்டாருக்கும் பாடம் உண்டு: எல்லாவற்றையும் தாமே செய்துகொடுத்து நோயாளியை இன்னும் முடக்கிவிடாதிருப்பது.

நம் திருப்பதியிலும் தேவத்தானத்தின் பர்டு மருத்துவமனை, மூட்டு நோயாளிகளுக்கும் கைகால் ஊனமுற்றோருக்கும் 1985 முதல் பணி செய்துவருகிறது. வாயிலில் காத்திருப்போரில் தமிழர் பலர். தெலுங்குச் சீட்டைப் படித்துச் சொல்ல, தமிழும் தெரிந்த மாணவர் ஒருவர் அருகில் இருந்தால் அவர்களுக்கு அரைப்பாரம் குறையும்.