ராணுவம் பணம் தராத குதிரை. ஒலிம்பிக்கில் கிடைத்தது தங்கம்: யார் இந்த பாரன் நிஷி?

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கி 2006-ல் வந்த ‘லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா’ படத்தைப் பார்த்தவர்களுக்கு, அதில் குதிரையோடு போர்த் தீவுக்கு வந்து இறங்கும் ஸ்டைலான ஜப்பானிய அதிகாரியை நினைவிருக்கும். அது கற்பனைப் பாத்திரம் இல்லை. அவர் பெயர் தாகெயிச்சி நிஷி. குதிரையில் தடைகளைத் தாண்டும் ‘ஷோ ஜம்பிங்’ போட்டியில் ஒலிம்பிக் தனிநபர் தங்கம் வென்ற ஆசியர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

1902 ஜூலை 12-ல் டோக்கியோவில் பிறந்தார். அப்பா தொகுஜிரோ நிஷி, ஜப்பானின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். ‘பாரன்’ என்ற பிரபுப் பட்டமும் உண்டு. அம்மா முறைப்படி மணம் முடித்த மனைவி இல்லை என்பதால், பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே வீட்டைவிட்டு அனுப்பப்பட்டார். 1912-ல் அப்பாவும் போய்விட, பட்டமும் சொத்தும் ஒன்பது வயதுப் பையன் கைக்கு வந்தன. தாய் தகப்பன் இல்லாத வீடு, ஆனால் காசுக்குக் குறைவில்லை.

வளர்ந்ததும் கார், பைக், குதிரை என்று வேகமாகப் போகும் எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ராணுவப் பயிற்சி முடித்து 1924-ல் குதிரைப்படை அதிகாரி ஆனார். அந்தக் காலத்தில் ஒலிம்பிக் குதிரையேற்றம் என்பது கிட்டத்தட்ட ராணுவ அதிகாரிகளின் ஆட்டம். நிஷிக்குத் திறமை இருந்தது, நல்ல குதிரைதான் இல்லை.

யாருக்கும் அடங்காத யுரேனஸ்

1930-ல் இத்தாலியில் ஒரு குதிரை விலைக்கு வந்தது. பிரான்ஸில் பிறந்தது, தோள் உயரமே சுமார் 180 செ.மீ. நம்மில் பலரைவிட உசரம்! முரட்டுக் குணம், லேசில் அடங்காது. வாங்க ராணுவம் பணம் தரவில்லை. நிஷி சும்மா இருக்கவில்லை, சொந்தப் பணத்தைப் போட்டு வாங்கிவிட்டார். குடும்பச் சொத்து இல்லாத ஓர் இளம் அதிகாரிக்கு இது நடந்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். நெற்றியில் நட்சத்திரம்போல வெள்ளைக் குறி இருந்த அந்தக் குதிரைதான் யுரேனஸ். மற்றவர்களைப் பாடாய்ப்படுத்திய அது, நிஷியிடம் மட்டும் பணிந்தது.

1932 ஆகஸ்ட் 14, லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கின் கடைசி நாள். அரங்கில் ஏறக்குறைய லட்சம் பேர். ஷோ ஜம்பிங்கில் தடையின் கட்டையைத் தட்டிவிட்டால் தண்டப் புள்ளி, குதிரை தாண்ட மறுத்து நின்றாலும் தண்டப் புள்ளி. குறைந்த புள்ளி வாங்கியவரே வெற்றியாளர். அன்றைய பாதை எவ்வளவு கடினம் என்றால், இறங்கிய 11 பேரில் 5 பேர்தான் கடைசிவரை முடித்தார்கள். எந்த நாட்டிலும் மூன்று வீரர்களும் முடிக்காததால் அணிப் பதக்கமே கொடுக்கப்படவில்லை.

யுரேனஸும் ஓரிடத்தில் தாண்ட மாட்டேன் என்று நின்றுவிட்டது. நிஷி பதறவில்லை. திருப்பிக் கொண்டுபோய் மறுபடி ஓட்டிவந்தார், தாண்டியது. மொத்தம் 8 தண்டப் புள்ளிகள். உள்ளூர் நாயகன் ஹாரி சேம்பர்லினுக்கு 12. ஜெயித்தது தான் மட்டுமல்ல, குதிரையும் சேர்ந்துதான் என்று நிஷி பிறகு சொன்னதாகச் சொல்வார்கள்.

முந்தைய ஆண்டுதான் ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் புகுந்திருந்தது. கலிஃபோர்னியாவில் ஜப்பானியக் குடியேறிகள்மீது ஏற்கெனவே வெறுப்பு இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் அந்த ஊரே ‘பாரன் நிஷி’யைக் கொண்டாடியது. லாஸ் ஏஞ்சலீஸின் கௌரவக் குடிமகன் ஆனார். டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், மேரி பிக்ஃபோர்ட் போன்ற ஹாலிவுட் நட்சத்திரங்கள் நண்பர்கள் ஆனார்கள். 1936 பெர்லினுக்கும் யுரேனஸோடு போனார், பதக்கம் இல்லை.

குதிரைக்குப் பதில் டாங்கி

போர் முறை மாறியது. குதிரைப்படைக்காரர்கள் டாங்கிப் படைக்கு மாற்றப்பட்டார்கள். 1944-ல் நிஷி 26-வது டாங்கி ரெஜிமென்டின் தளபதி. போக வேண்டிய இடம், இவோ ஜிமா தீவு. எதிரி அமெரிக்கா.

அந்த ஜூலையில் டாங்கிகளை ஏற்றிவந்த கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. 28 டாங்கிகள் கடலுக்குள் போயின. மாற்று டாங்கி கேட்டு நிஷி டோக்கியோ திரும்பினார். மனைவி தாகெகோவும் மூன்று பிள்ளைகளும் இருந்த ஊர். வந்த இடத்தில் யுரேனஸையும் போய்ப் பார்த்தார். வயதாகிப்போயிருந்த குதிரை அவரை அடையாளம் கண்டு கழுத்தை உரசியதாம். அதன் பிடரி மயிரில் கொஞ்சம் வெட்டி எடுத்துக்கொண்டு தீவுக்குத் திரும்பினார்.

அங்கே ஓட்டுவதற்கு இடமில்லாததால் டாங்கிகளை மண்ணில் புதைத்து, பீரங்கி முனை மட்டும் வெளியே தெரியும்படி வைத்துப் போரிட்டார்கள். தீவில் இருந்த ஜப்பானியர் சுமார் 20,000 பேர். மிஞ்சியது ஆயிரத்துச் சொச்சம். பாரன் நிஷி, வெளியே வாருங்கள் என்று அமெரிக்கர்கள் ஒலிபெருக்கியில் கெஞ்சியதாக ஒரு கதை ஜப்பானில் வெகுகாலமாகச் சுற்றுகிறது. சினிமாவுக்குப் பொருத்தமான கதைதான், ஆதாரம்தான் கிடையாது.

1945 மார்ச் 22-ல் அவர் இறந்ததாகக் கருதப்படுகிறது, வயது 42. யுரேனஸ் அதே மாதக் கடைசியில் ஜப்பானில் செத்தது. நிஷி வைத்திருந்த அந்தப் பிடரி மயிர் 1990-ல் அமெரிக்காவில் கிடைத்தது. இப்போது ஹொக்கைடோவின் ஹோன்பெட்சு ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.