தேனீயின் பார்வையை ஆராய்ந்த அறிஞர்

ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் 1886ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20ஆம் நாள் கார்ல் வான் பிரிஷ் பிறந்தார். இளமையிலேயே பல்வகை உயிர்களை வளர்த்து, அவற்றின் இயல்பைக் கூர்ந்து நோக்குவதில் பேரார்வம் கொண்டிருந்தார்.

அக்காலத்தில் ஹெஸ் என்னும் கண் மருத்துவப் பேராசிரியர், மீன்களும் பூச்சிகளும் நிறம் அறியா என்று உறுதியாகக் கூறிவந்தார். அவரோ பெரும்புகழ் வாய்ந்தவர். பிரிஷோ முப்பது வயதும் நிரம்பாத இளைஞர். எனினும், பூச்சிகள் நிறம் அறியாவெனின் மலர்கள் வண்ணம் பூண்டது எதற்கு என்னும் ஐயம் இவர் உள்ளத்தில் எழுந்தது. அதனைச் சொல்லால் வாதிடாது, சோதனையால் தீர்க்கத் துணிந்தார்.

வெண்மை முதல் கருமை வரை படிப்படியாக அமைந்த சாம்பல் நிற அட்டைகளை மேசைமீது பரப்பினார். அவற்றிடையே நீல அட்டை ஒன்றை வைத்து, அதன்மீது மட்டும் சர்க்கரை நீரை வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பின்னர்ச் சர்க்கரை நீரை நீக்கி, நீல அட்டையின் இடத்தையும் மாற்றினார். அப்போதும் தேனீக்கள் நீலத்தையே நாடி வந்தன. அவை நிறக்குருடு உடையனவாயின், ஒளியளவில் நீலத்தை ஒத்த சாம்பல் அட்டையையும் நாடியிருக்கும் அன்றோ? இம்முடிவுகளை 1914ஆம் ஆண்டில் வெளியிட்டார். தேனீக்கள் செந்நிறத்தைக் கருமையினின்று பிரித்தறியமாட்டா என்பதையும் கண்டார். நம் கண்ணுக்குப் புலனாகாத புறஊதா ஒளி அவற்றிற்குப் புலனாகும் என்பதைப் பின்னர் வேறு அறிஞர் நிறுவினர்.

1941ஆம் ஆண்டில் இவருக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. தாய்வழிப் பாட்டியார் யூத மரபினர் என்று கூறி, ஹிட்லரின் அரசு இவரை மியூனிக் பல்கலைக்கழகப் பதவியினின்று நீக்க முற்பட்டது. அவ்வேளையில் கொடிய நோயொன்று பரவித் தேனீக் கூட்டங்கள் பெருவாரியாக அழிந்தன. தேனீ அழியின் விளைச்சலும் குன்றும். எனவே, இவர் ஆராய்ச்சி இன்றியமையாதது எனக் கருதிய அரசு, நீக்கத்தைப் போர் முடியும்வரை ஒத்திவைத்தது. தாம் பேணிய தேனீயே தம்மைக் காத்த விந்தையை அவர் கண்டார்.

போருக்குப்பின், 1949ஆம் ஆண்டில், மற்றோர் உண்மையை வெளியிட்டார். இயல்பான ஒளியலைகள் பல தளங்களில் அதிர்வன. ஒரே தளத்தில் அதிரும் ஒளியைத் தளவிளைவுற்ற ஒளி என்பர். நீலவானின் ஒளியில் இத்தன்மை உண்டு. நம் கண் அதனை எளிதில் உணராது. உணவுள்ள திசையை நடனத்தால் அறிவிக்கும் தேனீக்களுக்கும் வானுக்கும் இடையே, தளவிளைவை மாற்றும் தகடு ஒன்றை வைத்துத் திருப்பினார். நடனத்தின் திசையும் மாறியது! கதிரவன் மறைந்திருப்பினும், நீலவானின் ஒரு பகுதி தோன்றினால் தேனீ வழியறியும் என்பது இதனால் விளங்கியது. நீர்ப்பரப்பில் பட்டு மீளும் ஒளியிலும் தளவிளைவு உண்டு. அதனைக் கொண்டே நீர்ப்பூச்சிகள் பல நீர்நிலையை அறிகின்றன எனப் பின்வந்தோர் கண்டனர்.

1973ஆம் ஆண்டில் லாரென்ஸ், டின்பெர்கன் ஆகிய இருவருடன் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்ற பிரிஷ், 1982ஆம் ஆண்டு மியூனிக்கில் மறைந்தார்.

மாணவர்களே, நாம் காணாததைப் பிற உயிரும் காணாது என்று எண்ணுதல் தவறு. சான்றோர் கூற்றாயினும் ஆராய்ந்து தெளிதலே அறிவுடைமை என்பதை இவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.