ஆலன் டூரிங்

கணிதப் பேரறிஞர் ஆலன் டூரிங் 1912-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் நம் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். உத்தியோகம் வகித்தவர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் மறைமொழியை வெளிப்படுத்த டூரிங் ஆற்றிய பணியை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1952-ல் தம் இல்லத்தில் நிகழ்ந்த களவைப் போலீசாரிடம் முறையிட்டார். முறையிட்டவரே குற்றஞ்சாட்டப்பட்டு நின்றார். ஆடவனொருவனோடு தமக்கிருந்த உறவை விசாரணையில் ஒப்புக்கொண்டமையே காரணம். 1885-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமாம்! சிறைக்கு மாற்றாக ஓராண்டு ஹார்மோன் சிகிச்சைக்கு உட்பட்டார். அரசாங்கத்தின் மறைமொழிப் பணியும் அவருக்கு மறுக்கப்பட்டது. 1954-ல், தமது 41-ஆம் வயதில் மாண்டார்.

1967-ல் இங்கிலாந்தில் அச்சட்டம் தளர்ந்தது. இத்தகையோரை உத்தியோகத்தில் வேற்றுமையாய் நடத்தலாகாதென்னும் விதி 2003-லேயே வந்தது. 2013-ல் அரசியார் டூரிங்குக்கு மன்னிப்பு வழங்கினார். மன்னிக்க வேண்டியவர் எவர் என்று நாம் வினவாதிருத்தல் கூடுமோ? அவரைப்போல் தண்டனையுற்று மாண்ட பல்லாயிரவர்க்கு அம்மன்னிப்பும் 2017-லேதான் கிட்டிற்று.