கடலைக் கொல்லையில் நடந்த பல்கலைக்கழகம்: ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

வேர்க்கடலை, நிலக்கடலை, மல்லாட்டை என்று ஊருக்கு ஒரு பெயரில் நாம் சாப்பிடும் அந்தப் பருப்போடு சேர்த்தே உலகம் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரை நினைவில் வைத்திருக்கிறது. கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் என்று பிள்ளைகளின் பொது அறிவுப் புத்தகங்களில்கூட எழுதிவிடுகிறார்கள். அது உண்மையல்ல. அவருக்கு முன்பே பிறர் அதைச் செய்து காப்புரிமையும் பெற்றிருந்தார்கள். அவர் செய்த உண்மையான வேலை அதைவிடப் பெரியது என்பதால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்ற சிற்றூரில், 1864 வாக்கில், ஓர் அடிமைப் பெண்ணுக்கு அவர் பிறந்தார். சரியான தேதி யாருக்கும் தெரியாது. அடிமைகளின் பிறந்த நாளை எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே கொள்ளையர் தாயையும் பிள்ளையையும் கடத்திச் சென்றார்கள். எசமானரான மோசஸ் கார்வர் குழந்தையை மட்டும் மீட்டார். அதற்கு விலையாக ஒரு குதிரையைக் கொடுத்தார் என்பார்கள். தாய் திரும்பவே இல்லை. அடிமை முறை ஒழிந்த பின் மோசஸும் அவர் மனைவி சூசனும் அந்தப் பிள்ளையை வளர்த்து எழுத்தறிவித்தார்கள்.

கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி எட்டு மைல் தொலைவில் நியோஷோ என்ற ஊரில் இருந்தது. சிறுவன் நடந்தே அங்கு போய்ச் சேர்ந்தான். துணி வெளுத்தும் பிரசவம் பார்த்தும் பிழைத்த மரியா வாட்கின்ஸ் என்ற அம்மையார் வீட்டில் தங்க இடம் கிடைத்தது. பிறகு கன்சாஸில் ஊர் ஊராக அலைந்து, துணி துவைத்தும் சமைத்தும் படித்தார். 1885-இல் ஹைலேண்ட் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. நேரில் போய் நின்றதும் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பியது. ஐயோவாவின் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தபோது, செடிகளை அவர் வரைந்த விதத்தைப் பார்த்த ஓவிய ஆசிரியை, வேளாண்மை படிக்கச் சொன்னார். ஏம்ஸ் நகரத்து வேளாண் கல்லூரியில் 1894-இல் இளநிலை, 1896-இல் முதுநிலை. அக்கல்லூரியின் முதல் கறுப்பின மாணவரும் முதல் கறுப்பின ஆசிரியரும் அவரே.

அங்கேயே இருந்திருந்தால் வசதியான வாழ்க்கை. ஆனால் அலபாமாவிலிருந்து புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பு வந்தது. 1881-இல் தொடங்கிய டஸ்கிகி கல்விக்கூடத்தை அவர் நடத்திவந்தார். 1896-இல் கார்வர் அங்கு வந்தார்.

வந்து பார்த்த மண் செத்துக் கிடந்தது. தலைமுறைகளாகப் பருத்தி, பருத்தி, பருத்தி. சத்தெல்லாம் உறிஞ்சப்பட்டு, மழையில் மேல்மண் அரித்துப் போயிருந்தது. மனிதர்களின் நிலையும் அப்படித்தான். பெரும்பாலோர் வாரத்துக்கு உழுபவர்கள். விதை, கலப்பை, கோவேறு கழுதை எல்லாம் நிலக்காரருடையது. சாப்பாட்டுச் சாமானைக் கடைக்காரர் கடனுக்குக் கொடுப்பார். அந்தக் கடனுக்கு ஈடாகப் பருத்தியைத்தான் கேட்பார். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது, பல சமயம் கடன் மேலும் ஏறியிருக்கும். வட்டி மனிதனை எப்படிக் கட்டிப்போடும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆராய்ச்சி நிலையத்துக்கு அரசு ஒதுக்கியது ஆண்டுக்கு 1,500 டாலர். அருகே ஆபர்னில் இருந்த வெள்ளையர் கல்லூரிக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டால் அது சில்லறை. பத்து ஏக்கர் நிலத்தை வைத்துக்கொண்டு கார்வர் தமக்கே ஒரு நிபந்தனை விதித்துக்கொண்டார்: ஏழை விவசாயியால் வாங்க முடியாத எதையும் பரிந்துரைப்பதில்லை. கடை உரத்துக்குப் பதில் காட்டுச் சருகும் சதுப்பு நிலச் சேறும். பன்றித் தீவனத்துக்கு ஓக் மரக் கொட்டைகள்; 1898-இல் வந்த முதல் வெளியீடு அதைப் பற்றியதே. வீட்டுச் சுவருக்கு உள்ளூர்க் களிமண்ணிலிருந்து வண்ணம். மண்ணுக்குக் காராமணியும் கடலையும், ஏனெனில் அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நிலத்தில் சேர்க்கும்.

விவசாயி கேட்ட கேள்வி நியாயமானது: மண் நன்றாகும், சரி, விளைந்த கடலையை என்ன செய்வது? சந்தை இல்லையே. சமையல் குறிப்புகள் அப்படித்தான் பிறந்தன. 1916-இல் வெளிவந்த கடலை வெளியீட்டில் 105 சமையல் முறைகள் உண்டு. விற்க முடியாததை வீட்டிலாவது சாப்பிடட்டும், பிள்ளைகள் வயிறு நிறையட்டும் என்பதுதான் அதன் நோக்கம். இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட எளிய வெளியீடுகளை அவர் எழுதினார்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு வெளியீட்டால் என்ன பயன்? வளாகத்தில் ஆண்டுதோறும் விவசாயிகள் மாநாடு நடந்தது. வர முடியாதவர்களைத் தேடி, வார இறுதிகளில் கார்வரே குதிரை வண்டியில் கிராமங்களுக்குப் போனார். 1906-இல் நியூயார்க் செல்வந்தர் மாரிஸ் ஜெசப்பின் உதவியால் ஒரு பெரிய வண்டி உருவானது. கலப்பை, வெண்ணெய் கடையும் கருவி, பாலைச் சோதிக்கும் கருவி, விதைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அது விவசாயியின் வாசலுக்கே போனது. டஸ்கிகியில் படித்த தாமஸ் கேம்பல் அதை நடத்தினார். பிற்காலத்தில் வண்டிக்குப் பதில் லாரி வந்தது. பெண்களுக்கு உணவைப் பதப்படுத்தவும் வீட்டுச் சுகாதாரத்தைப் பேணவும் கற்றுக்கொடுத்தார்கள். கார்வரின் மற்ற எல்லாப் புகழையும்விட இந்த வண்டியைத்தான் நாம் உயர்வாக மதிக்கிறோம்.

அவர் குறையற்றவர் அல்லர். நிர்வாகம் அவருக்கு வரவில்லை. கோழிப் பண்ணைக் கணக்கை ஒழுங்காக வைக்கவில்லை என்று வாஷிங்டன் கடிந்துகொள்வதும், விலகிவிடுவேன் என்று இவர் கடிதம் எழுதுவதும் பல ஆண்டுகள் நடந்தன. நூற்றுக்கணக்கான பொருள்களைக் கடலையிலிருந்து செய்துகாட்டினார் என்றாலும், அவற்றில் சந்தைக்கு வந்து நிலைத்தவை மிகக் குறைவு. காப்புரிமை பெற்றவை மூன்றே. இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். மண்ணை வளமாக்க அவர் வழி சொன்னார். மண் யாருடையது என்ற கேள்வியைத் தொடவில்லை. வளமான மண்ணிலும் வாரக்காரர் வாரக்காரராகவே இருந்தார். லட்சக்கணக்கானோர் வடக்கு நகரங்களுக்கு வேலை தேடிக் கிளம்பிப் போனார்கள். தெற்கின் அந்த நாளைய அச்சுறுத்தலுக்கு நடுவே ஒரு கறுப்பின ஆசிரியரால் அதற்கு மேல் பேச முடிந்திருக்குமா என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

1910 வாக்கில் பருத்திக் காய் வண்டு அலபாமாவுக்குள் நுழைந்து வயல்களை அழித்தபோது, மாற்றுப் பயிர் பற்றிய பேச்சுக்குக் காது கொடுக்க ஆளிருந்தது. 1921-இல் கடலை இறக்குமதி வரி குறித்து நாடாளுமன்றக் குழு முன் பேச அவருக்குப் பத்து நிமிடம் தரப்பட்டது. முதலில் ஏளனமாகப் பார்த்த உறுப்பினர்கள் நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். அதன் பிறகுதான் நாடறிந்த புகழ் வந்தது.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1940-இல் தம் சேமிப்பைக் கொண்டு டஸ்கிகியிலேயே ஓர் ஆய்வு நிறுவனத்தை ஏற்படுத்தினார். வாழ்நாள் சேமிப்பு முழுவதும், ஏறத்தாழ 60,000 டாலர், அதற்கே போய்ச் சேர்ந்தது. 1943 ஜனவரி 5-இல் காலமானார். இன்று பல்கலைக்கழகமாகிவிட்ட அந்த வளாகத்தில், அடிக்கடி சண்டை போட்டுக்கொண்ட அதே புக்கர் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகிலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.