சர் ஹென்றி ராய்ஸ்

ரோல்ஸ்-ராய்ஸ் என்னும் மோட்டார் வண்டியின் பெயரைக் கேளாதார் அரியர். எனினும், அப்பெயரின் பிற்பாதிக்கு உரியவர் வறுமையில் வளர்ந்தவர் என்பதைப் பலர் அறியார். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஹென்றி ராய்ஸ் இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரை அடுத்த ஆல்வால்டன் என்னும் சிற்றூரில் 1863-ஆம் ஆண்டு பிறந்தார். மாவாலை நடத்திய தந்தையார் தொழிலில் நொடித்து, மகனுக்கு ஒன்பது வயதாகும்போதே காலஞ்சென்றார். செய்தித்தாள் விற்றும், தந்திகளைக் கொண்டுபோய்க் கொடுத்தும் ராய்ஸ் பிழைக்க வேண்டியதாயிற்று. அத்தை ஒருவர் பொருளுதவி புரிய, இரயில்வே தொழிற்சாலையில் தொழில் பயிலச் சேர்ந்தார். அவ்வுதவியும் இடையே நின்றமையால் பயிற்சி முற்றுப்பெறவில்லை. 1884-இல் கிளேர்மாண்ட் என்னும் நண்பருடன் கூடி மான்செஸ்டரில் ஒரு சிறு பட்டறை தொடங்கி, மின்கருவிகளும் டைனமோக்களும் செய்து விற்றார்.

1903-இல், ஒருவர் ஓட்டிய பழைய டெக்காவில் வண்டி ஒன்றை ராய்ஸ் விலைக்கு வாங்கினார். பிரெஞ்சு நாட்டில் செய்யப்பட்ட அவ்வண்டி அக்காலத்து வண்டிகளுள் இழிந்ததன்று. ஆயினும் அதன் இரைச்சலும் அதிர்ச்சியும் அவருக்குப் பொறுக்கவில்லை. அதனைப் பகுதி பகுதியாய்ப் பிரித்து ஆராய்ந்தார். எவ்வுறுப்பு எதனால் குறையுடையதாயிற்று என்று காரணம் கண்டு திருத்தினார். அம்மட்டில் அமையாமல், அவ்வமைப்பையே அடிப்படையாகக் கொண்டு, மின்பொறியிலும் கார்புரேட்டரிலும் தம் அறிவைச் செலுத்தித் தாமே ஒரு வண்டி செய்யத் துணிந்தார். இரண்டு சிலிண்டர்களும் பத்துக் குதிரைத்திறனும் உடைய அவ்வண்டி 1904 ஏப்ரலில் வீதிக்கு வந்தது. அடுத்த மாதமே ரோல்ஸ் என்னும் செல்வர் மகனார் அதனைக் கண்டு வியந்து, அவருடன் கூட்டுச் சேர இசைந்தார். அன்று இணைந்த பெயர்கள் இன்றும் பிரியவில்லை.

1911-இல் ராய்ஸ் கொடிய நோய்வாய்ப்பட்டார். அதன்பின் தொழிற்சாலையை விட்டு விலகி வாழ்ந்தும், வீட்டிலிருந்தே வரைபடங்களைத் திருத்தி வந்தார். அவர் மேற்பார்வையில் உருவான ஈகிள் எஞ்சின் பூட்டிய விமானமே, 1919-இல் ஆல்காக், பிரவுன் என்னும் இருவரை அட்லாண்டிக் கடலை இடையே நில்லாமல் கடப்பித்தது. 1930-இல் பட்டம் பெற்று, 1933-இல் அவர் உயிர் நீத்தார்.

பழைய வண்டிகளைப் புதுக்கிப் புதிய உறுப்புக்களைப் பொருத்துவோர் இன்று பலர். பழமையைப் போற்றுவோர் சிலர் அதனைக் குறை கூறுவர். ராய்ஸோ, கையில் உள்ளதைப் பழித்து எறிந்தாரல்லர். அதன் குறைகளோடு அமைதி கொண்டாருமல்லர். கற்று முடியாத கல்வியும் கைவிட்டுப்போன உதவியும் உடைய ஒருவர் இவ்வளவும் செய்தாரெனின், நூலகமும் ஆய்வுக்கூடமும் அருகே வாய்த்த நாம் எவ்வளவு செய்யக் கடமைப்பட்டுள்ளோம் என்பதைச் சிந்திப்போமாக.